சிங்கப்பூரில் கடற்கொள்ளை ஒழிப்பும் ரோந்துப் படகுச் செலவும்

1819இல் ராஃபிள்ஸ் நிறுவிய ஆங்கிலேய வணிகத்தலமான சிங்கப்பூர், சுங்கவரி இல்லாத துறைமுகமாக வளர்ந்தது. வரி இல்லாததால் சீன, மலாய், பூகிஸ் வணிகர்கள் அங்கே குவிந்தனர். ஆனால் அவர்களின் மரக்கலங்களைக் கொள்ளையரிடமிருந்து காக்கும் ரோந்துக்கு யார் பணம் தருவது என்ற சிக்கலும் அதே காரணத்தால் எழுந்தது.

1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் இணைந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆயின. இவற்றை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. அபின், சாராயக் குத்தகைகளே முக்கிய வருவாய். அது நிர்வாகச் செலவுக்கே போதவில்லை. பெரிய போர்க்கப்பல்கள் லண்டன் அரசின் கடற்படைக்கு உரியவை. அவை எப்போதாவதுதான் வந்துபோயின.

1832இல் சீன வணிகர்கள் பொறுமை இழந்தனர். அரசின் அனுமதி பெற்று, சொந்தச் செலவில் நான்கு படகுகளில் பீரங்கி பொருத்தி அனுப்பினர். அவை கொள்ளையர் படகு ஒன்றை மூழ்கடித்தன. அதன் பின்னரே அரசு மலாக்காவில் இரண்டு ரோந்துப் படகுகளைக் கட்டுவித்தது.

இரண்டு படகுகளால் அவ்வளவு பரந்த கடலைக் காக்க முடியவில்லை. வணிகர்கள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் மனு அனுப்பினர். 1836இல் கேப்டன் சாட்ஸ் தலைமையில் 'ஆண்ட்ரோமாக்கி' என்ற கடற்படைக் கப்பல் வந்து, காலாங் தீவிலிருந்த கொள்ளையர் குடியிருப்புகளைத் தாக்கியது.

இச்செலவை ஈடுகட்டத் துறைமுக வணிகத்தின் மீது வரி விதிக்கலாம் என்று இந்திய அரசு கருதியது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். வரி வந்தால் வணிகம் வேறு துறைமுகங்களுக்குப் போய்விடும் என்பது அவர்கள் வாதம். லண்டனும் அத்திட்டத்தை ஏற்கவில்லை. 1837இல் கம்பெனியின் நீராவிக் கப்பல் 'டயானா' வந்து சேர்ந்தது. மறு ஆண்டு திரெங்கானு கடலில் இலானுன் கொள்ளையர், அதன் புகையைக் கண்டு தீப்பற்றிய பாய்க்கப்பல் என்று நினைத்து நெருங்கி, தோற்றனர்.

லண்டன் அரசுக்கு வேறொரு செலவும் இருந்தது. 1825ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிடிபட்ட அல்லது கொல்லப்பட்ட ஒவ்வொரு கொள்ளையருக்கும் கடற்படையினருக்கு 20 பவுன் பரிசு தரப்பட்டது. 1849இல் சரவாக் கடலோரத்தில் நடந்த ஒரே சண்டைக்கு 20,000 பவுனுக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. அது பெரும் சர்ச்சையாகி, 1850இல் சட்டம் நீக்கப்பட்டது.

இவ்வாறு லண்டன் கப்பலையும் பரிசையும், கல்கத்தா நீராவிக் கப்பலையும், வணிகர்கள் சில வேளைகளில் படகுகளையும் தந்தனர். நிலையான பங்கீடு மட்டும் ஏற்படவில்லை. அவர்கள் வாதாடிய ஆண்டுகளில் சரக்கையும் உயிரையும் இழந்தவர்கள் சிறு படகுகளில் வந்த மாலுமிகளே. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. கல்கத்தா தங்கள் நலனைக் கவனிக்கவில்லை என்ற வணிகர்களின் நீண்டகாலக் குறையும் அம்மாற்றத்துக்கு ஒரு காரணம்.