பெட்டகத்துக்குள் போன பட்டியல்

1972 செப்டம்பர் 11. வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் ஜான் டீன், அமெரிக்க வரித்துறை ஆணையர் ஜானி வால்டர்ஸிடம் ஒரு பட்டியலை நீட்டினார். நூற்றுக்கணக்கான பெயர்கள். அதிபர் நிக்சனை எதிர்த்துத் தேர்தலில் நின்ற மெக்கவர்னின் ஊழியர்கள், நன்கொடையாளர்கள். அவர்களின் வரிக்கணக்கைத் துருவ வேண்டுமாம்.

வால்டர்ஸ் மசியவில்லை.

இத்தனைக்கும் அவரை அந்தப் பதவியில் அமர்த்தியவரே நிக்சன்தான். வால்டர்ஸ் பட்டியலை நிதியமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸிடம் கொண்டுபோனார். ஒன்றும் செய்ய வேண்டாமென்று சொல்லி அவரும் துணை நின்றார். உறையிலிட்டு முத்திரை வைத்த பட்டியல், அலுவலகப் பெட்டகத்துக்குள் போனது.

1973-இல் வால்டர்ஸ் அதை நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு நிக்சன்மீது வந்த பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளில், வரித்துறையை ஏவ முயன்றதும் இடம்பெற்றது. 1974 ஆகஸ்ட் 9-இல் நிக்சன் பதவி விலகினார்.