அத்தியட்சரும் மிஷனரிமாரும்

நானுஓயா புகையிரத நிலையத்தில் இறங்கி நுவரெலியா நோக்கிச் செல்லும் பிரயாணி, இருமருங்கும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் பரந்துகிடக்கும் தேயிலைத் தோட்டங்களைக் கண்டு களிப்பான். ஆயின், 1885 ஆம் ஆண்டில் இருப்புப் பாதை நானுஓயாவை எட்டுவதற்கு முன்னர் இம்மலைச் சரிவுகள் வேறு கோலம் பூண்டிருந்தன. அந்நாளில் இங்கே கோலோச்சியது கோப்பி. புகையிரதம் நாவலப்பிட்டியோடு நின்றுவிடும். அதற்கப்பால் மனிதனின் கால்களும் மாட்டு வண்டிகளுமே துணை. இந்தக் கோப்பித் தோட்டங்களை முன்னிட்டு, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர்களிடையே மூண்ட பெருஞ் சச்சரவு ஒன்றைப் பற்றியே இங்கு சிந்திக்கப் போகிறோம்.

தென்னிந்தியாவிலிருந்து வந்து இத்தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களிடையே கிறிஸ்தவ ஊழியம் 1850களின் நடுப்பகுதியில் ஒழுங்காகத் தொடங்கிற்று. தோட்டத் துரைமார் சிலர் பணம் திரட்ட முன்வந்தனர். சேர்ச் மிஷனரிச் சங்கம் மேற்பார்வையை ஏற்றது. திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசிமாரை அனுப்பின. திருநெல்வேலியில் பணியாற்றிப் பழகிய செப்டிமஸ் ஹாப்ஸ் என்னும் குருவானவர் அதன் முதல் மேற்பார்வையாளரானார். அக்கால வழக்கப்படி அதற்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்று பெயரிட்டனர். அப்பெயர் இன்று நம் செவிக்கு முள்ளாய் உறுத்துகின்றது. எனினும், தோட்டந்தோட்டமாக நடந்து, பொழுது சாய்ந்து மக்கள் லயங்களுக்குத் திரும்பிய பின்னர் அவர்களோடு அமர்ந்து தமிழிற் பேசிய அந்த உபதேசிமாரின் உழைப்பு சிறிதன்று.

இவ்வாறிருக்க, 1876 ஆம் ஆண்டில் கொழும்புக்குப் புதிய அத்தியட்சர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரே ரெஜினால்ட் ஸ்டீபன் கொப்பிள்ஸ்டன். அப்போது அவருக்கு வயது முப்பதே. கூர்மதியும் கல்விச் சிறப்பும் உடையவர். பிற்காலத்தில் பௌத்தத்தைப் பற்றி அரிய நூலொன்றை எழுதி 1892 ஆம் ஆண்டில் வெளியிட்டவர். திருச்சபை என்பது அப்போஸ்தலர் காலந்தொட்டு அத்தியட்சர்களின் வழியே தொடர்ந்துவரும் ஓருடல் என்பது அவரது அசையாத நம்பிக்கை. தம் மறைமாவட்டத்தில் அரசாங்க ஊதியம் பெறும் குருமார் ஒருபுறமும், இலண்டனிலுள்ள சங்கமொன்றின் கட்டளைக்குக் காத்திருக்கும் மிஷனரிமார் மறுபுறமுமாக இருவேறு ஆட்சிகள் நடப்பதை அவர் கண்டார். ஒரு மந்தைக்கு இரு மேய்ப்பரா என்று அவர் உள்ளம் வினவிற்று. தோட்டப் பகுதிகளில் ஆங்கிலேயருக்கும் தமிழருக்கும் பொதுவாக ஊழியம் அமைய வேண்டும். உபதேசிமாரின் பணியும் அத்தியட்சரின் ஆளுகைக்கு உட்பட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

மிஷனரிமார் இதற்கு இணங்கினாரல்லர். அவர்களது மறுப்பு வெறும் பிடிவாதத்தின் விளைவென்று எண்ணுதல் தவறு. அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையே இரு கூறாகப் பிளவுண்டு நின்றது. பலிபீடம், திருவுடை, மெழுகுவர்த்தி, குருவானவர் கிழக்கு நோக்கி நின்று திருவிருந்து நடத்தல் ஆகியவற்றைப் பழைய மரபென்று ஒரு சாரார் போற்றினர். அவை சீர்திருத்தத்தின் பயனை அழித்துவிடும் என்று மறுசாரார் அஞ்சினர். இத்தகைய சடங்குகளை அடக்கவென்றே 1874 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டமொன்றை இயற்றியது. அச்சட்டத்தின் விளைவாக 1877 ஆம் ஆண்டில் ஆர்தர் டூத் என்னும் குருவானவர் சிறைவாசமும் அனுபவித்தார். மெழுகுவர்த்திக்காகவா ஒரு மனிதர் சிறை செல்வது என்று நாம் வியக்கலாம். அவர்களுக்கோ, கடவுளின் அருள் மனிதனை எவ்வழியில் வந்தடைகிறது என்ற வினாவே அதில் அடங்கியிருந்தது.

ஆகவே, தாம் பல்லாண்டு வளர்த்த எளிய சபைகள் தமக்கு உடன்பாடில்லாத கொள்கையினரின் கைக்குப் போய்விடுமோ என்று இலங்கை மிஷனரிமார் கலங்கினர். அத்தியட்சரின் பதவியை அவர்கள் மறுக்கவில்லை; அப்பதவியின் எல்லை எது என்றே கேட்டனர். அத்தியட்சரும் தளரவில்லை. 1876 ஆம் ஆண்டிலேயே மிஷனரிமார் பலருக்கு அளிக்கப்பட்டிருந்த உரிமைப் பத்திரங்களை அவர் மீட்டுக்கொண்டார். உரிமைப் பத்திரம் இன்றி ஒரு குருவானவர் அத்திருச்சபையில் முறைப்படி ஊழியம் செய்தல் இயலாது. நரைத்த தலையினரான ஊழியர்கள், வந்து சில திங்களேயான இளைஞர் ஒருவரால் தடைசெய்யப்பட்டனர் என்ற செய்தி கடல் கடந்து இங்கிலாந்தையும் கலக்கியது.

இருதரப்பாரின் துணிவையும் நாம் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். செல்வாக்கு மிகுந்த சங்கம் ஒன்றைப் பகைத்துக்கொள்வது, பதவியேற்றுச் சில திங்களேயான அத்தியட்சர் ஒருவருக்கு எளிதன்று. வாளாவிருந்திருப்பின் புகழோடு வாழ்ந்திருக்கலாம். அவ்வாறே, உரிமைப் பத்திரத்தை இழந்தும் மனச்சான்றை இழக்க மாட்டோம் என்று நிற்பதும் எளிதன்று. இருவரும் ஒரே ஜெபப் புத்தகத்தைக் கையிலேந்தியே எதிரெதிரே நின்றனர் என்பதுதான் இக்கதையின் துயரம்.

வழக்கு நான்காண்டு நீடித்தது. இடையே பத்திரங்கள் திருப்பி வழங்கப்பட்டனவெனினும், கொள்கை வினாக்கள் தீர்ந்தபாடில்லை. ஈற்றில், கந்தர்பரி, யோர்க் ஆகிய இரு பேரத்தியட்சர்களும் இங்கிலாந்தின் அத்தியட்சர் மூவரும் சேர்ந்த ஐவரிடம் இப்பிணக்கு ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் 1880 ஆம் ஆண்டில் தம் கருத்தை எழுத்தில் வழங்கினர். இருசாராரும் பேச்சைக் குறைத்துப் பணியைத் தொடர அது வழிவகுத்தது. வென்றவர் இவர், தோற்றவர் இவர் என்று பறைசாற்ற இடமில்லாத முடிவு அது. ஒருவேளை அதனாலேயே அது நிலைத்தது போலும்.

இச்சச்சரவின் நிழலில் வேறொரு வினாவும் தலைதூக்கிற்று. அரசாங்கம் தன் பொக்கிஷத்திலிருந்து ஒரு திருச்சபையின் குருமாருக்கு ஊதியம் அளித்தல் முறையா? வரி செலுத்தியோரில் மிகப் பெரும்பாலோர் பௌத்தரும் இந்துக்களும் ஆவர். தோட்டத் தொழிலாளி உண்ட அரிசி இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது. அதற்கும் இறக்குமதித் தீர்வை உண்டு. ஆகவே, துரையின் கோயிலில் ஆங்கிலத்தில் பிரசங்கிக்கும் குருவானவரின் ஊதியத்தில் அந்த ஏழையின் சோற்றுப் பருக்கையும் கலந்திருந்தது. இம்மானியத்தை நிறுத்த 1881 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. அதன்பின் திருச்சபை தன் காலிலேயே நிற்கக் கற்றுக்கொண்டு, 1886 ஆம் ஆண்டளவில் தனக்கென ஒரு மன்றத்தையும் அமைத்துக்கொண்டது. அதிகாரத்தின் எல்லையைப் பற்றி வாதிட்டவர்கள், ஈற்றில் அரசின் கைத்தாங்கலையே இழந்து, ஒருவரையொருவர் நம்பி வாழ வேண்டியவராயினர்.

அதே 1886 ஆம் ஆண்டில் நுவரெலியாவில் ஒரு முதியவர் கண்மூடினார். அவர் வில்லியம் ஓக்லி. 1835 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அந்த மிஷனரி, ஐம்பதாண்டுக்கு மேலாகத் தாயகம் திரும்பாமலே இங்கு உழைத்தவர். சச்சரவின் புயல் வீசிய ஆண்டுகளிலும் அவர் இத்தீவை விட்டு அகலவில்லை. கொப்பிள்ஸ்டனோ 1902 ஆம் ஆண்டுவரை கொழும்பிலேயே அத்தியட்சராக இருந்து, பின்னர் கல்கத்தாவின் தலைமை அத்தியட்சராக உயர்ந்தார். பிணங்கியவர்கள் இருவரும் தத்தம் களத்தை விட்டோடவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் ஒரு குறை நம் நெஞ்சை விட்டகலாது. தமிழ் விவிலியத்தில் அத்தியட்சரைக் குறிக்க வழங்கும் பழஞ்சொல் 'கண்காணி' என்பதாகும். தோட்டத்திலோ பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களைக் கணக்கெடுப்பவன் 'கங்காணி'. சொல் ஒன்றே; மேற்பார்வை என்பதே அதன் பொருள். யார் கண்காணிப்பது என்று கற்றோர் நான்காண்டு வாதிட்டனர். கண்காணிக்கப்பட்ட மக்களை அழைத்து, உங்கள் விருப்பம் யாது என்று கேட்டவர் எவருமிலர். அவ்வாண்டுகளிலேயே இலைநோய் கோப்பியை அரித்துக்கொண்டிருந்தது. தோட்டங்கள் நொடித்தன, கூலி பாக்கி நின்றது. அவர்களுக்கிருந்த வழக்கு வேறு.

கொள்கைக்காக நிற்கும் துணிவு போற்றத்தக்கது, ஐயமில்லை. அத்துணிவோடு, யாருக்காக வாதிடுகிறோமோ அவர்தம் குரலுக்குச் செவிசாய்க்கும் பணிவும் சேருமாயின், அதுவே நிறைவான தலைமை. இன்று இம்மலைகளின் சிறு கோயில்களில் தோட்டத் தமிழரின் பிள்ளைகளே குருமாராய் நின்று, தம் மக்களுக்குத் தம் மொழியிலேயே போதிக்கின்றனர். அன்று கேட்கப்படாத குரல், பீடத்திலிருந்தே ஒலிக்கின்றது.