யூத வேதச் சுருளும் சிறுவனின் கண்ணும்

யூதர்களின் தவ்றாத் சுருளில், வழக்கமான கணக்கின்படி, 304,805 எழுத்துகள் உள்ளன. எல்லாம் கையால் எழுதப்படுபவை. ஓர் எழுத்து பழுதானாலும், திருத்தும் வரை சபையில் ஓத அச்சுருள் தகுதியற்றது.

ஹீப்ருவில் ‘தாலெத்’ எழுத்தின் மேல்மூலை கூரானது; ‘ரேஷ்’ எழுத்தில் அது வளைவு. இறைவன் ஒருவன் என்பதைக் கூறும் ‘எஹாத்’, நமது அறபு ‘அஹத்’ என்பதற்கு உறவுச் சொல். அதன் தாலெத் வளைந்தால் ‘அஹேர்’, அதாவது ‘வேறொருவன்’ என்றாகிவிடும்.

வடிவத்தில் சந்தேகம் வந்தால் அறிஞர் தம் கண்ணை மட்டும் நம்புவதில்லை. எழுத்தை அறிந்த, ஆனால் வசனத்தை ஊகிக்கத் தெரியாத சிறுவனிடம் காட்டுவார். அறிந்தவர் கண், இருக்க வேண்டியதையே வாசித்துவிடும். இந்தப் பேணுதலை நான் மதிக்கிறேன்.