பாவுகல்

கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை ஆண்டுதோறும் என் தலையில்தான் விழும். ‘தாயின் தொழில்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘இல்லத்தரசி’ என்றிருக்கும். மீதிப் பேர் ‘கூலி’ என்று எழுதியிருப்பார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி அந்த இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தாள். தந்தை இறந்துவிட்டார் என்று மேலே எழுதியிருந்தாள். வீட்டுச் செலவுக்கு யார் சம்பாதிப்பது என்று கேட்டேன்.

“எங்கம்மாதான் மேடம். கல்லு பிரிக்கிறாங்க.”

“கல் உடைக்கிறாங்களா?”

“இல்ல மேடம். பிரிக்கிறாங்க.”

சொல்லைத் திருத்துவது என் தொழில். அன்றைக்கு அவள் என் சொல்லைத் திருத்தினாள். அந்த வாரக் கடைசியில் அவளுடனேயே பர்கூர் பக்கம் பஸ் ஏறினேன்.

கிருஷ்ணகிரி கிரானைட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாளம் பாளமாக அறுத்து மெருகேற்றிய கல்லைப் பற்றியே பேசுவார்கள். அடுக்களை மேடைக்கும் கல்லறைக்கும் போகிற கல் அது. குவாரியில் பாளத்துக்குத் தேறாத கல் மலையாகக் குவிந்துகிடக்கும். அந்தக் கழிவுக் கல்லைப் பிளந்து, பத்து சென்டிமீட்டர் கனசதுரங்களாக்கி, ஐரோப்பியத் தெருக்களில் பாவ அனுப்புகிறார்கள். ஏற்றுமதிக்காரர்கள் சொல்லும் ‘கோபிள்’ அதுதான். ஒரு கல் ஏறத்தாழ 2.7 கிலோ. இடைவெளியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு எண்பது கல்லுக்கு மேல் வேண்டும். 25 டன் ஏற்றும் ஒரு கன்டெய்னரில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கல் போகும். அத்தனையையும் பாவினால் அரை கிரவுண்டு நிலம்தான் நிரம்பும்.

சாக்குப் படுதா கட்டிய கொட்டகையில் மாணவியின் அம்மா உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். “வாங்க டீச்சர், தூசி பாத்து உக்காருங்க” என்றார். பிளக்கிறவர்கள் ஆண்கள்: கல்லுக்கு எந்தப் பக்கம் ஓட்டம் என்று பார்த்து, குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடிக்கிறார்கள். பிளந்து விழுந்ததை எடுத்துப் பிசிறு தட்டி, முகம் பார்த்து, அளவுவாரியாகக் குவிப்பது பெண்கள். அளவு பார்க்க ஒரு இரும்புச் சட்டம் உண்டு. அது மேஸ்திரியின் கையில் இருந்தது. அந்தம்மா அதைத் தொடவேயில்லை. உள்ளங்கையில் ஒரு புரட்டு. எட்டு-பத்து ஒரு பக்கம், ஒன்பது-பதினொன்று ஒரு பக்கம், கழிவு பின்னால். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் மேஸ்திரி சட்டத்தை வைத்துப் பார்த்துத் திருப்பிப் போட்டவை மூன்றோ நான்கோதான். கழிவில் விழும் கல்லுக்குக் கூலி கிடையாது, உடைத்த நேரத்துக்கும் கிடையாது.

அந்தப் புரட்டலை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கவிதை வாசிப்புக்காக ஜெர்மனி போயிருந்தேன். தங்கியிருந்த தெருவில் ஒருவர் முட்டி போட்டுக் கல் பாவிக்கொண்டிருந்தார். சரளைத் தூள் பரப்பிய படுக்கையில் சின்னச் சின்ன வில் வரிசைகளாகக் கற்கள் ஏறின. வில்லின் இரண்டு அடியிலும் சிறிய கல், உச்சியில் பெரிய கல். பக்கத்துக் குவியலில் கைவிட்டு ஒன்றை எடுப்பார், உள்ளங்கையில் புரட்டுவார், வைத்துவிட்டுச் சுத்தியலால் தட்டுவார். பத்தில் ஒன்றைத்தான் திருப்பிப் போட்டார். எல்லாக் கல்லும் இயந்திரத்தில் அறுத்ததுபோல் ஒரே அளவாக இருந்தால் அந்த வில் எளிதில் வளையாது. எட்டிலிருந்து பத்துக்குள் கொஞ்சம் கூடக் குறைய, ஒரு பக்கம் கொஞ்சம் ஒடுங்கி, கையால் உடைத்த கல்லாக இருக்க வேண்டும். நேர் வரிசைக்கு வேறு விதி: ஒரு வரிசைக்குள் அகலம் மாறக் கூடாது, ஒரு வரிசையின் சந்தும் அடுத்த வரிசையின் சந்தும் நேருக்கு நேர் வரக் கூடாது. எல்லாம் முடிந்தபின் சந்துகளில் மணல் கூட்டி நிரப்பி, அழுத்தி இறக்குவார்கள். வண்டிச் சக்கரத்தின் தள்ளலை வில் தன் இரண்டு கால்களுக்கும் பிரித்துக் கொடுக்கும்.

தமிழில் இந்த வேலைக்குப் ‘பாவுதல்’ என்று பெயர். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலும் பாவுதான். கால் தரையில் படவில்லை என்பதைக் ‘கால் பாவவில்லை’ என்கிறோம். நூலைப் பரப்புவதற்கும் கல்லைப் பரப்புவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்கு, அந்தக் கொட்டகையில் நடப்பதும் பாவுதலின் தொடக்கம்தான் என்று புரிந்திருக்க வேண்டும். அங்கே பிரிக்கப்பட்ட கல்லை ஜெர்மனியில் முட்டி போட்டவர் இன்னொரு முறை பிரிக்கிறார், அவ்வளவுதான். அங்கே சாலை போடும் தொழிலுக்கு மூன்றாண்டுப் பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு. இங்கே அதே கைக்கு மேஸ்திரி வைத்திருக்கும் பெயர் ‘ஹெல்பர்’.

கல் பாவுதலின் வரலாற்றில் கௌரவம் எங்கே வந்து உட்கார்கிறது என்று பார்க்க லிஸ்பனுக்குப் போகலாம். கறுப்பு வெள்ளைக் கல்லால் கோலம்போல இழைத்த அந்த நகரத்தின் நடைபாதைகள் 1842-ல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கின. அதைச் செய்தவர்கள் கைதிகள். யோசனை கோட்டையின் ராணுவத் தளபதியுடையது, அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் ரோசியு சதுக்கத்தில் கடல் அலைபோன்ற வரிசை வந்தது. 1986-ல் மாநகராட்சி கல் பாவுவோருக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. 2006-ல் அவர்களுக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள். சங்கிலியில் தொடங்கிய வேலை சிலை வரைக்கும் வந்துசேர நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. சிலையில் இருப்பது பாவுகிறவர்கள். பாறையிலிருந்து கல்லைப் பிளந்து கொடுத்தவர்களுக்கு எங்கும் சிலை இருப்பதாக நான் அறியேன்.

நம் பக்கம் கல் வேலையின் பெயர் சாதியில் ஒட்டிக்கொண்டது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் கல் ஒட்டர், மண் ஒட்டர் என்ற பிரிவு இருக்கிறது. அம்மி கொத்த, ஆட்டுக்கல் கொத்தத் தெருத்தெருவாக வந்த பெண்களை என் அம்மாவின் தலைமுறை அவர்கள் குரலை வைத்தே அறியும். இப்போது போயர் என்று அழைக்கப்படும் இவர்கள் இந்த எல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சந்தையில் கன்னடமும் தமிழும். ஓசூரைத் தாண்டினால் இதே மக்கள் போவி. கர்நாடகத்தில் அவர்கள் பட்டியல் சாதி, தமிழ்நாட்டில் அப்படியில்லை. அக்காளை அந்தப் பக்கமும் தங்கையை இந்தப் பக்கமும் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒரே பாட்டியின் பேத்திகளுக்கு இரண்டு வகைச் சாதிச் சான்றிதழ்.

அரசு கல்லைக் கவனித்த அளவுக்குக் கல்லுடைப்பவரைக் கவனிக்கவில்லை. 1977-ல் தமிழ்நாடு அரசு தன் சிறுகனிம விதிகளில் 8-சி என்ற விதியைச் சேர்த்து, கறுப்புக் கிரானைட்டைத் தனியாருக்குக் குத்தகை விடுவதை நிறுத்தியது. ஹிந்த் ஸ்டோன் வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய், 1981-ல் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பானது. பூமிக்குள் இருக்கும் செல்வம் வரும் தலைமுறைகளுக்கும் உரியது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய பகுதிகள் படிக்க நன்றாகவே இருக்கின்றன. குத்தகை யாருக்கு என்பதுதான் வழக்கு. கூலி யாருக்கு என்பது யாரும் கேட்காத கேள்வி. அந்தக் கேள்வி 1983 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் ஹரியானாவின் ஃபரீதாபாத் குவாரிகளை முன்னிட்டு. ‘பந்துவா முக்தி மோர்ச்சா’ வழக்கில் நீதிபதி பகவதி, முன்பணம் கொடுத்துக் கட்டிவைப்பது 1976-ம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைமுறை என்றும், அதைக் கண்டுபிடித்து விடுவிப்பது அரசின் கடமை என்றும் சொன்னார்.

பெண்களுக்கென்று சட்டம் இல்லாமலில்லை. 1952-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடியில் இறக்கக் கூடாது, மேலே வேலை செய்தாலும் காலை ஆறு முதல் மாலை ஏழு வரைதான் என்றது. 1966-ல் சுரங்கங்களில் குழந்தைகள் காப்பகம் வைக்கத் தனியாக விதிகளே வந்தன. ஆனால் பாவுகல் உடைக்கும் கொட்டகை குவாரிக்கு வெளியே, சாலையோரத்தில் இருக்கிறது. அதனால் அது சுரங்கம் இல்லை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமோ மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. இந்தக் கொட்டகையில் பதினான்கு பேர். பக்கத்துக் கொட்டகை வேறொரு பெயரில். அந்தம்மா தன் மகளைச் சேலைத் தூளியில் போட்டு வளர்த்ததும் இதே கொட்டகையில்தான், கல் தூசிக்கு நடுவில். தென்னிந்தியக் கிரானைட் பற்றி 2017-ல் நெதர்லாந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வறிக்கை கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவின் குவாரிகளைப் பார்த்து, கழிவுக் கல் உடைப்பில் பெண்களும் குழந்தைகளும் இருப்பதை எழுதியது. தமிழ்நாடு அந்த அறிக்கையில் இல்லை. எல்லைக்கோடு ஆய்வுகளிலும் குறுக்கே வந்துவிடுகிறது.

வேறு மாதிரி நடந்த ஓர் ஊரும் உண்டு. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல்குவாரிகளை அங்கே உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். அதே காலத்தில்தான் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்ற குவாரிப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். சாய்நாத் 1996-ல் வெளியான தன் நூலில் இதை எழுதியிருக்கிறார். ஒப்பந்ததாரர்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் அதில் உண்டு. சைக்கிள் ஓட்டும் பெண்ணின் படத்தைப் பற்றி வகுப்பில் சொன்னால் மாணவிகள் கைதட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது குத்தகைப் பத்திரம். அதில் அந்தப் பெண்கள் இருந்தார்கள்.

பர்கூர் கொட்டகையில் பத்திரம் கிடையாது, நீள நோட்டு ஒன்றுதான். கூலி ஜோடிக் கணக்கு: ஆண் பிளந்து, பெண் பிரித்து, எண்ணிக்கை சேர்த்து ஒரே பெயரில் ஏறும். மேஸ்திரி தயங்காமல் நோட்டைக் காட்டினார். அந்தம்மாவின் கணக்கு எது என்று தேடினேன். அவர் பெயரில் பக்கமே இல்லை. இறந்துபோன கணவரின் பெயரில்தான் இன்றைய தேதிக்கும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. மார்ச்சளி என்று நாலு வருஷம் இருமிச் செத்தவர் அவர். இப்போது கொழுந்தனார் பிளக்கிறார், இவர் பிரிக்கிறார். பக்கத்தின் தலைப்பில் அவர் வாங்கிய முன்பணம் அப்படியே இருந்தது.

கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கு ஆண்டுதோறும் மாணவிகளை அழைத்துப்போய் நடுகற்களைக் காட்டுகிறேன். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஆநிரைப் பூசல், செத்தவன் பெயர் என்ன என்று வாசித்துக் காட்டுவேன். இந்தப் பக்கத்துச் சதிக்கற்களில் தூணிலிருந்து ஒரு கை முழங்கையோடு மேலே மடங்கி எழுந்து நிற்கும். கையில் வளையல் இருக்கும், பெயர் அநேகமாக இருக்காது. இருபது ஆண்டுகளாக அதைப் பழைய காலத்துச் சங்கதியாகவே நடத்தி வந்திருக்கிறேன். இறந்தவன் பெயரில் எழுதிய கல்லைப் படிக்கத் தெரிந்த எனக்கு, இறந்தவன் பெயரில் எழுதிய நோட்டைப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இந்தக் கடன் சட்டப்படி செல்லாதுக்கா” என்றேன். 1976-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அது ரத்து என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார், கை நிற்கவில்லை. விண்ணப்பத்தில் ‘கல் தொழிலாளி’ என்று எழுதுவோம், உங்கள் பெயரில் தனிப்பக்கம் கேட்போம் என்றேன்.

“எழுதாதீங்க டீச்சர்.”

ஏன் என்று கேட்டேன். ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்டிருக்கிறாராம். வேலை செய்கிறாள் என்று எங்காவது எழுத்தில் இருந்தால் அது வராமல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்குள் அவர் கையில் இருந்த கல்லைப் புரட்டி, எட்டு-பத்துக் குவியலில் போட்டார்.

விண்ணப்பத்தில் அந்தக் கோடு அப்படியே இருக்க, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மனுவைப் பற்றி விசாரிக்க அம்மாவும் மகளும் அடுத்த திங்கள்கிழமை தாலுகா அலுவலகம் போவதாக இருந்தது. வேலையை விட்டுப் போனால் அன்றைய எண்ணிக்கை குறையும் என்று மேஸ்திரி சொன்னதாக அவள் போனில் சொன்னாள். இன்னும் போகவில்லை.