விடுதி அறையும் பிறர் புகும் கனவும்

சாவியைக் கையில் வாங்கிய கணம் முதல் விடுதி அறை நம்முடையதாகிவிடுகிறது. ஆயினும் நேற்று அதே கட்டிலில் எவரோ உறங்கினார், நாளை வேறொருவர் உறங்குவார். கனவோ மனிதனின் உடைமைகளிலேயே மிகவும் அந்தரங்கமானது. எவருக்கும் நிலையாகச் சொந்தமாகாத அறையில், ஒருவருக்கு மட்டுமே உரிய காட்சி நிகழ்கிறது. இந்த முரண்தான் கலைஞர்கள் சிலரை விடுதி அறையின்பால் ஈர்த்தது. அந்த ஈர்ப்பின் வரலாற்றைப் பின்தொடரும்போது, கனவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நாம் வந்துசேர்கிறோம்.

கனவுக்கென்று இடம் அமைப்பது புதிய வழக்கமன்று. கிரேக்கத்தின் எபிடாரஸில் மருத்துவக் கடவுளான அஸ்க்லீபியஸின் திருத்தலம் இருந்தது. நோயாளிகள் நீராடி, பலி செலுத்தி, ‘அபட்டோன்’ என்னும் மண்டபத்தில் இரவு துயின்றனர். கனவில் கடவுள் தோன்றிக் குணப்படுத்துவார் என்பது நம்பிக்கை. தொலைவிலிருந்து வருவோர் தங்குவதற்காக, கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 160 அறைகளும் நான்கு முற்றங்களும் கொண்ட விடுதியொன்று அங்கே எழுந்தது. முன்பு குணமடைந்தோரின் கனவுகள் கற்பலகைகளில் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் படித்துவிட்டு உறங்கச் செல்பவர் எத்தகைய கனவு காண்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அந்தப் பலகைகளில் ஏதென்ஸைச் சேர்ந்த அம்புரோசியா என்ற பெண்ணின் கதையும் உண்டு. ஒரு கண்ணில் பார்வையற்ற அவள், வெறும் கனவினால் நோய் தீருமா என்று நகைத்தாள். கனவில் வந்த கடவுள் அவளைக் குணப்படுத்த இசைந்தார். ஆனால் அவளுடைய அறியாமையின் நினைவாக ஒரு வெள்ளிப் பன்றியைக் காணிக்கை தரவேண்டும் என்றும் விதித்தார். கனவுக்குள் புகுந்தவர் கட்டணம் கேட்ட கதைகளுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

நவீன கலையில் கடவுள் விலகிக்கொள்ள, அறை மட்டும் எஞ்சியது. அமெரிக்கரான ஜோசப் கார்னெல் அயல்நாடு எதற்கும் சென்றவரல்லர். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த தம் வீட்டில், தாம் ஒருநாளும் தங்காத ஐரோப்பிய விடுதிகளைச் சிறு மரப்பெட்டிகளுக்குள் அமைத்தார். 1945இல் செய்த ‘ஹோட்டல் ஏடன்’ அவற்றுள் புகழ்பெற்றது. இன்று ஒட்டாவாவில் கனடாவின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. பயணம் செய்யாதவனின் பயணக் கனவு அது. நாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே போக முடியாது.

பெட்டியை முழு அறையாக்கியவர் டொரோதியா டானிங். 1910இல் இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க்கில் பிறந்தவர். பாரிஸில் 1969இல் ஸ்டாக்ஹௌஸனின் ‘ஹிம்னென்’ இசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, துணியாலான உருவங்கள் அவர் மனத்தில் எழுந்தன. ஓவியத் தூரிகையை விட்டுத் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்தார். 1970 முதல் 1973 வரை உருவான ‘அறை 202, ஹோட்டல் டு பாவோ’ அதன் உச்சம். பாவோ என்றால் பிரெஞ்சில் கசகசாச் செடி. உறக்கத்திற்கும் அபினுக்கும் உரிய மலர். 202 என்ற எண், சிகாகோ விடுதியொன்றின் அறையில் நஞ்சருந்தி இறந்த ஒரு பெண்ணைப் பற்றி டானிங்கின் இளமைக் காலத்தில் பாடப்பட்ட பாட்டிலிருந்து வந்தது. மங்கலான அறையின் சுவர்த்தாளைக் கிழித்துக்கொண்டு பெண்ணுடல்கள் வெளிவருகின்றன. நாற்காலி சதையாய்ப் புடைக்கிறது. கணப்பிலிருந்து ஏதோவொன்று பிதுங்குகிறது. உறக்கத்தின் இதம் அல்ல, அந்த அறையில் முன்பு தங்கியவர்களின் எச்சமே இங்கே கனவாகிறது. துணி மட்கும், மனித ஆயுளைப் போன்றதே அதன் ஆயுளும் என்பதை அறிந்தே டானிங் அதைத் தேர்ந்தார். பாரிஸின் பாம்பிடு மையம் பாதுகாக்கும் இப்படைப்பு 2019இல் லண்டனின் டேட் மாடர்னிலும் காட்சிக்கு வைக்கப்பட்டது.

அடுத்த அடியில் பார்வையாளரே கட்டிலில் ஏறிவிட்டார். வேளாண் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றபின் கலைக்கு வந்த கார்ஸ்டன் ஹோலர், 2008இல் நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் சுழலும் விடுதி அறையொன்றை அமைத்தார். கட்டில், மேசை, அலமாரி எல்லாம் கண்ணாடி வட்டுகளின்மேல் மிக மெதுவாகச் சுழன்றன. கட்டணம் செலுத்தி இரவில் தங்கலாம். 2024இல் பாசல் நகரையடுத்த பெயலர் அறக்கட்டளை அருங்காட்சியகத்தில், ஆடம் ஹார் ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து ‘கனவு விடுதி அறை 1’ஐ உருவாக்கினார். மேலே செந்நிறக் காளான் உருவம், கீழே தானாக அசையும் கட்டில். உறங்குபவரைப் பறக்கும் கனவுக்கு இட்டுச்செல்வதே நோக்கம்.

இந்த ஹொரோவிட்ஸ்தான் எம்.ஐ.டி.யில் ‘டார்மியோ’ என்ற கருவியை உருவாக்கியவர்களுள் ஒருவர். கையில் அணியும் அக்கருவி, உறக்கம் கவியும் தருணத்தை உணர்ந்து ஒரு சொல்லை ஒலிக்கும். 2020இல் வெளியான ஆய்வில் ‘மரம்’ என்ற சொல்லைக் கேட்டு உறங்கியோரின் கனவு விவரிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் மரம் இடம்பெற்றது. எபிடாரஸின் கற்பலகைகள் செய்த வேலையை இப்போது கருவி செய்கிறது. மறு ஆண்டே, 2021இல், அமெரிக்க பீர் நிறுவனமான மோல்சன் கூர்ஸ் உறங்குமுன் பார்க்கவும் கேட்கவும் என ஒரு விளம்பரத்தை வெளியிட்டது. தன் பானம் கனவில் வரவேண்டும் என்பதே அதன் விருப்பம். கனவில் விளம்பரம் கூடாது என்று சுமார் நாற்பது உறக்க, கனவு ஆய்வாளர்கள் வெளிப்படையான கடிதத்தில் எச்சரித்தனர். அதை எழுதியவர்களுள் ஹொரோவிட்ஸும் ஒருவர்.

கதவைத் திறக்கும் வழியைக் கண்டவரே பூட்டின் தேவையையும் சொன்னார் என்பது நாம் கவனிக்கத்தக்கது. எபிடாரஸில் துயின்றவருக்குத் தம் கனவில் யார் வருவார் என்பது தெரியும். அவரையே வேண்டி வந்தவர் அவர். ஹோலரின் அறையில் படுத்தவரும் இசைந்தே படுத்தார். டானிங்கோ எவருடைய உறக்கத்தையும் தொடாமல், தம் கெட்ட கனவையே திறந்து காட்டினார். கலைக்கும் சந்தைக்கும் இடையே உள்ள வேறுபாடு இந்த இசைவில்தான் இருக்கிறது. வணிகன் நம் தலையணைக்கருகே வந்து அமரும்போது இசைவு கேட்பான் என்பதற்கு உறுதியில்லை. அவன் கேட்கப்போகும் வெள்ளிப் பன்றி எது என்பதை நாம் விழித்திருக்கும்போதே யோசித்துக்கொள்வது நல்லது.