கடல் கடந்த சிப்பாயும் மனைக்கண் இருந்தோரும்

போர் புறத்திணைக்கு உரியது. போர்மேற் சென்றான் மனையிலே நிகழும் துயரோ அகத்திணைக்கு உரியது. இவ்வாறு பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் வழக்கன்று என்றும், பாசறையில் மனைவியரோடு உறைதல் ஆகாது என்றும் தொல்காப்பியனார் இலக்கணம் வகுத்தார். கும்பினியார் காலத்துச் சென்னைப் பட்டாளங்களில் இவ்விரு நெறிகளும் எவ்வாறு நின்றன என்பதையும், அதனால் சிப்பாய்க் குடும்பங்கள் எய்திய நன்மை தீமைகளையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

வங்காளப் படையின் சிப்பாய் தன் மனைவி மக்களைச் சொந்த ஊரிலே விட்டு, விடுப்புக் கிடைத்த காலத்துச் சென்று கண்டு மீள்வான். சென்னைச் சிப்பாயோ பெரும்பாலும் குடும்பத்தோடே வாழ்ந்தான். பட்டாளம் தங்குமிடத்தில் 'லைன்' எனப்பட்ட குடிசை வரிசைகளில் மனைவியும் மக்களும் முதிய பெற்றோரும் உறைந்தனர். பட்டாளம் பெயர்ந்தால் அவர்களும் உடன் பெயர்ந்தனர். சிப்பாயின் சம்பளம் திங்களுக்கு 7 ரூபாய். அதனைக் கொண்டே அத்தனை வயிறுகளும் நிரம்ப வேண்டும். சிப்பாய்களின் புதல்வர் சிலரை இளமையிலேயே சிறு சம்பளத்தில் பதிந்து வளர்க்கும் வழக்கமும் இருந்தது. ஆகவே பட்டாளமே அவர்கட்கு ஊரும் உறவும் ஆயிற்று என்க.

இந்நிலையில் 1824-ஆம் ஆண்டு பர்மியப் போர் மூண்டது. கடல் கடத்தற்கு வங்காளச் சிப்பாய்கள் தயங்கினமையால், இரங்கூனுக்குச் சென்ற இந்தியப் படையில் சென்னைச் சிப்பாய்களே மிகுதியாக இருந்தனர். அவ்வாண்டு மே மாதம் 11-ஆம் நாள் அவர்கள் அந்நகரை அடைந்தபோது, ஊரார் முன்னரே வெளியேறியிருந்தனர். உணவுப் பொருள் கிட்டவில்லை. மழைக்காலமும் தொடங்கிவிட்டது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பகைவரினும் மிகுதியாக உயிர் கவர்ந்தன. 1826 பிப்ரவரியில் யாண்டபூ உடன்படிக்கை முடிவதற்குள், ஆங்கிலரும் இந்தியருமாகச் சென்ற ஏறத்தாழ 40,000 பேரில் 15,000 பேர் மாண்டனர் என்பர். உடன் வாழ்ந்து பழகிய குடும்பங்களுக்கு இப்பிரிவு எத்தகையதாயிருக்கும்? சொந்த ஊரை விட்டு லைனிலே குடியேறியவர்களுக்குத் துன்பக் காலத்தில் தாங்குவதற்கு உற்றார் அருகில் இல்லை, காணியும் இல்லை. கடல் கடந்தவன் சம்பளத்தில் பிரித்துக் கொடுக்கும் பங்கு ஒன்றே அவர்க்கு ஊன்றுகோல்.

அவ்வூன்றுகோல் அசைந்தபோது விளைந்தது யாது? 1843-இல் சிந்து நாடு கும்பினியார் வசமாயிற்று. ஆங்குச் செல்லுமாறு ஏவப்பட்ட சென்னைக் காலாட்படையின் 47-ஆம் பட்டாளத்தார்க்குப் பர்மாவிற் கொடுத்தவாறே உயர்ந்த 'பத்தா' கிடைக்கும் எனச் சென்னை அரசினர் வாக்களித்தனர். அதனை நம்பியே அவர்கள் தம் குடும்பங்களுக்கு வகை செய்து கப்பலேறினர். 1844-இல் பம்பாயை அடைந்தபின், அவ்வாக்கு மேலிடத்தாரால் ஒப்பப்படவில்லை என அறிந்தனர். அணிவகுப்பிலேயே முறையீடு எழுந்தது, கீழ்ப்படியாமையும் நேர்ந்தது. இதனைப் பேராசை என்று கொள்வது பொருந்தாது. வாக்குத் தவறினால் முதலில் அணைவது சிப்பாய் வீட்டு அடுப்பே அன்றோ?

முதல் உலகப் போரில் இந்தியாவினின்று 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர்; ஏறத்தாழ 74,000 பேர் உயிர் துறந்தனர். பிரான்சுக் களத்திலிருந்து சிப்பாய்கள் விடுத்த கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்த பின்னரே ஊருக்கு அனுப்பினர். எழுத்தறியாதவன் பிறரைக்கொண்டு எழுதுவித்தான். மனைவி பிறரைக்கொண்டு படிப்பித்துக் கேட்டாள். கணவன் மனைவியர் தமக்குள் சொல்லத்தக்கவற்றையும் இத்தனை பேர் செவிவழியே சொல்ல வேண்டியதாயிற்று. போர் முடிந்தபின் நம் நாட்டு ஊர்கள் பலவற்றிலும் நினைவுக் கல் பதிக்கப்பட்டது. அதில் போருக்குப் போனவர் தொகை உண்டு. மாண்டவர் தொகை உண்டு. காத்திருந்தவர் தொகை இல்லை.

அத்தொகையைச் சேர்க்க வேண்டியவர் நாமே. நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் பெற்ற பதக்கமும், பணிவிடுப்புச் சீட்டும், பென்ஷன் காகிதங்களும், பழுத்துப்போன கடிதங்களும் பெட்டியடியிற் கிடக்கக்கூடும். அவற்றைச் செல்லரிக்க விடாது பேணுதல் வேண்டும். அவற்றோடு, அவர் இல்லாத ஆண்டுகளில் குடும்பத்தைக் காத்தவர் யார், எதனை விற்று எதனைக் காத்தனர் என்பதையும் முதியோரைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். இன்றும் எல்லையிற் பணிபுரிவோர் வீடுகளுக்கு நல்லநாளில் மட்டுமன்றி அல்லாத நாளிலும் சென்று உசாவுதல் உறவினர் கடனாகும். களத்தில் நின்றான் ஒருவனே ஆயினும், அவனை நிறுத்தியது ஒரு குடும்பம் என்பதை நம் மக்கள் அறிவார்களாக.