ஹிரோபோன் விட்டுச்சென்ற தடை

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாட்டுக்கு அமெரிக்க மருத்துவர்கள் பரவலாக எழுதித்தரும் ஆம்ஃபெட்டமின் மாத்திரை அடரால். அதை வைத்துக்கொண்டு டோக்கியோவில் இறங்கும் பயணி கைதாகலாம். மருத்துவரின் கடிதமும் மருந்துக்கடை ரசீதும் அங்கே செல்லாது. முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி வாங்கவும் வழியில்லை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுத்துக்கொள்பவரோ, புறப்படும் முன்பே ஜப்பானியப் போதைப்பொருள் தடுப்புத் துறைக்கு எழுதி அனுமதி பெற்றுவிட்டால், மருந்தோடு அதே வாசல் வழியாக உள்ளே போகலாம். மார்ஃபினை விட ஆம்ஃபெட்டமின் ஆபத்தானது என்று எந்த மருத்துவ நூலும் இதற்கு நியாயம் சொல்லிவிட முடியாது. பயணியின் பையில் எந்த மாத்திரை குற்றம் என்பதை ஒரு நாட்டின் மருத்துவ அறிவைவிட அது பட்ட அடிதான் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஜப்பான் பட்ட அடி அதன் சொந்த ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்கியது என்பதுதான் வேடிக்கை. பெர்லினில் வேதியியல் படித்துத் திரும்பிய நாகாய் நாகயோஷி, சீன மருத்துவம் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த மாஹுவாங் செடியிலிருந்து 1885-இல் எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1893-இல் அதிலிருந்தே, ஆம்ஃபெட்டமின் இனத்தைச் சேர்ந்த மெத்தாம்ஃபெட்டமினை உருவாக்கினார். 1919-இல் ஒகாதா அகிரா அதைப் படிக வடிவில் தயாரித்துக் காட்டினார். அப்போதெல்லாம் அதை ஒரு கேடாக யாரும் நினைக்கவில்லை. 1941-இல் டைனிப்பான் மருந்து நிறுவனம் அதற்கு ஹிரோபோன் என்று பெயரிட்டுக் கடைக்குக் கொண்டுவந்தது; களைப்பும் தூக்கமும் போக்கும் மருந்து என்றே விற்றது. போர்க்காலத்தில் படைவீரர்களுக்கும், ஆயுதத் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்தவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. கண்விழித்து உழைப்பதே நாட்டுப்பற்று என்றிருந்த காலம் அது.

போர் முடிந்ததும் தேங்கிக்கிடந்த இருப்பு சந்தைக்கு வந்தது. உணவுக்கே தட்டுப்பாடாக இருந்த நகரங்களில் ஹிரோபோனுக்குத் தட்டுப்பாடு இல்லை. சகாகுச்சி ஆங்கோ, ஓதா சகுனொசுகே போன்ற எழுத்தாளர்கள் அதைப் பயன்படுத்தியது ஊரறிந்த செய்தி. மாத்திரையாக இருந்தது ஊசியாக மாறியது, இளைஞர்களிடம் பரவியது. 1951-இல் கிளர்ச்சி மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சட்டம் வந்த கையோடு பழக்கம் ஓயவில்லை. 1954-இல் மட்டும் 55,000-க்கு மேற்பட்டோர் கைதாயினர். அதன் பிறகு தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன; சில ஆண்டுகளிலேயே கைது எண்ணிக்கை சில நூறாகச் சரிந்தது. கடுமைதான் காப்பாற்றியது என்ற முடிவுக்கு ஜப்பானிய அரசு வந்ததில் வியப்பில்லை. ஆம்ஃபெட்டமினும் மெத்தாம்ஃபெட்டமினும் ஹெராயின் முதலியவற்றின் பட்டியலில் சேராமல் இன்றுவரை தனிச் சட்டத்தின் கீழேயே இருப்பது அந்தப் பத்தாண்டுகளின் தழும்பு.

அமெரிக்காவும் போரில் தன் வீரர்களுக்கு ஆம்ஃபெட்டமின் கொடுத்த நாடுதான். ஆனால் அங்கே அது மருத்துவரின் கையைவிட்டு முழுதாக நழுவவில்லை. உடல் இளைக்கவும் சோர்வு தீரவும் சீட்டெழுதிக் கொடுக்கும் பொருளாகவே பல்லாண்டு நீடித்தது. 1970-இன் சட்டம் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தபோதும் மருத்துவப் பயன்பாட்டை விட்டுவைத்தது. 1996-இல் அடராலுக்கு ஒப்புதலும் கிடைத்தது. ஒரே மூலக்கூறு, ஒரு நாட்டில் வகுப்பறைப் பிள்ளைக்கு மருந்து, இன்னொன்றில் கள்ளச்சந்தையின் நினைவு.

இதற்குத்தானே உலக ஒப்பந்தங்கள் இருக்கின்றன என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் அவை நோயாளியை மனத்தில் வைத்துப் பிறந்தவை அல்ல. 1912-இன் ஹேக் அபினி உடன்படிக்கையும் 1925-இன் ஜெனீவா உடன்படிக்கையும் சரக்கு வணிகத்தைக் கட்டுப்படுத்த வந்தவை. 1961-இன் ஒற்றை உடன்படிக்கை கப்பலிலும் விமானத்திலும் வைக்கும் முதலுதவிப் பெட்டிக்குத் தனிப் பிரிவே ஒதுக்கியது. பயணியின் கைப்பைக்கு ஒதுக்கவில்லை. 1971-இல்தான், மனநிலை மாற்றும் மருந்துகளுக்கான உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, பயணி சொந்தத் தேவைக்குச் சிறிதளவு கொண்டுபோக நாடுகள் அனுமதிக்கலாம் என்றது. அனுமதிக்கலாம் என்றுதான் சொன்னது. வேண்டும் என்று சொல்லவில்லை.

எழுபதாண்டுக்கு முந்தைய போதைப் பரவலுக்கு இன்றைய நோயாளியை ஏன் தண்டிக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் வலுவானது. தடையைத் தளர்த்தினால் கடத்தல்காரர்கள் மருந்துச் சீட்டோடு வருவார்கள் என்பது வழக்கமான பதில். மார்ஃபினுக்கு ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடே அந்தப் பதிலைப் பொய்யாக்குகிறது. நோயாளியே கையோடு கொண்டுவர வேண்டும், அஞ்சலில் வரவழைக்கக் கூடாது, அளவும் காரணமும் முன்பே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த நிபந்தனைகள் வெறும் ஏட்டுச்சுரைக்காய் அல்ல: 2015-இல் ஒரு பெரிய கார் நிறுவனத்தின் அமெரிக்க உயரதிகாரி ஆக்சிகோடோன் மாத்திரைகளை அஞ்சலில் வரவழைத்ததாகக் கைதாகிப் பதவி விலகினார், பிறகு வழக்கின்றி விடுவிக்கப்பட்டார். ஆம்ஃபெட்டமினுக்கு நெருங்கிய உறவான லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினுக்கு 2019-இல் ஜப்பானே ஒப்புதல் அளித்து, பயணிகள் முன் அனுமதியோடு கொண்டுவரவும் இடம் தந்திருக்கிறது. உடலுக்குள் போனதும் டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமினாக மாறும் மருந்துக்கு அனுமதி உண்டு, அதே பொருள் நேரடியாக அடங்கிய மாத்திரைக்கு இல்லை என்றால், அந்தக் கோட்டை 1951 கிழித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹிரோபோன் காலத்து அச்சம் நியாயமானது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. என்றாலும் மார்ஃபினுக்கு உள்ள அனுமதி முறையை அடராலுக்கும் நீட்டிக்க ஜப்பான் முன்வர வேண்டும். அதுவரை அந்நாட்டுக்குப் போகிறவர்கள் மாத்திரை அட்டையின் வணிகப் பெயரை நம்பாமல், உள்ளிருக்கும் மருந்தின் பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்கி, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே ஜப்பானியத் தூதரகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.